காவல் நாய் போதாது

தணிக்கைப் பாடத்தில் யாரும் தப்ப முடியாத வழக்கு ஒன்று உண்டு. கிங்ஸ்டன் காட்டன் மில், 1896. பி.காம். படித்த யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தீர்ப்பைச் சொல்லிவிடுவார்கள்: தணிக்கையாளர் காவல் நாய், வேட்டை நாய் அல்ல. சந்தேகப்பட முகாந்திரம் இல்லாதபோது, கம்பெனியின் பொறுப்பான ஆட்கள் சொல்வதை அவர் நம்பலாம் என்றார் நீதிபதி லோப்ஸ். அந்த மில்லில் பல வருடங்களாகச் சரக்கிருப்பைக் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தவர், நம்பப்பட்ட அந்த மேனேஜரேதான் என்பது தனிக்கதை.

பஞ்சு மூட்டைக்கு இது சரிப்பட்டிருக்கலாம். ஆனால் இன்று கணக்கு எழுதுவது மேனேஜர் அல்ல, மென்பொருள். வங்கி இருப்பு, ரயில் டிக்கெட், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், பரீட்சை மார்க் எல்லாமே பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் சர்வர்களில் இருக்கின்றன. அந்தச் சர்வர்களைச் சேர்த்து ஒரே ஏடு மாதிரிக் காட்டும் வேலையைச் செய்வது பகிர்ந்த டேட்டாபேஸ். அது ஒழுங்காகத்தான் எழுதுகிறது என்பதற்கு என்ன சாட்சி? விற்றவர் சொல்கிறார், வாங்கியவர் நம்புகிறார். வேட்டை நாயை விடுங்கள், காவல் நாய்கூட அங்கே கிடையாது!

இந்தியாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வருடா வருடம் வெளித் தணிக்கை கட்டாயம். தணிக்கையாளர் அந்தக் கம்பெனியின் ஊழியராக இருக்கக்கூடாது, பங்குதாரராக இருக்கக்கூடாது. பட்டியலிட்ட கம்பெனி என்றால் ஒரே நிறுவனம் காலம் முழுக்கத் தணிக்கை செய்யவும் முடியாது, மாற்ற வேண்டும். 2013 கம்பெனிச் சட்டம் இவ்வளவு கட்டு போடுகிறது. அதே கம்பெனியின் கணக்கு எந்த டேட்டாபேஸில் உட்கார்ந்திருக்கிறதோ, அதைத் தயாரித்தவருக்கு மட்டும் "என் சரக்கு தங்கம்" என்று தானே எழுதிக்கொள்ளும் சுதந்திரம். இது நியாயமே இல்லை. கணக்குக்குத் தணிக்கை வேண்டும் என்றால், கணக்கு எழுதும் இயந்திரத்துக்கும் வேண்டும். அதுவும் விற்றவருக்குக் கட்டுப்படாத, உடைத்துப் பார்க்கும் நோக்கத்தோடு வருகிற ஒருவரின் தணிக்கை.

ஒரே பணம், இரண்டு ஏடு

இதில் அப்படி என்ன கஷ்டம் என்று கேட்பவர்களுக்கு, வங்கிச் சரிகட்டும் பட்டியலை நினைவுபடுத்தினால் போதும். வியாபாரி மார்ச் 31 அன்று காசோலையை வங்கியில் போட்டுவிட்டு ரொக்க ஏட்டில் எழுதிவிடுகிறார். வங்கியின் ஏட்டில் அது ஏப்ரல் 2ஆம் தேதிதான் ஏறுகிறது. இடைப்பட்ட நேரத்தில் இரண்டு ஏடும் இரண்டு தொகையைச் சொல்லும். யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே பணத்துக்கு இரண்டு இடத்தில் ஏடு இருந்தால் அப்படித்தான். கணக்காளர் ஒருவர் பென்சிலோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக டிக் அடித்து, வித்தியாசத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கிறார்.

பகிர்ந்த டேட்டாபேஸ் இதே வேலையை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை, பென்சில்காரர் இல்லாமல் செய்ய வேண்டும். நடுவில் இருக்கும் நெட்வொர்க் எப்போது வேண்டுமானாலும் அறுந்து போகலாம். அறுந்துவிட்டால், எதிர்ப்பக்கச் சர்வர் செத்துவிட்டதா, அல்லது உயிரோடுதான் இருக்கிறது, பேச்சு மட்டும் கேட்கவில்லையா என்று இந்தப் பக்கத்திலிருந்து சொல்லவே முடியாது. அப்போது இரண்டே வழிதான். இணைப்பு திரும்பும் வரை எழுதாமல் நிறுத்துவது, அல்லது இரண்டு பக்கமும் தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டே போய், ஏடு முரண்படுவதை ஏற்பது. எரிக் புரூவர் 2000இல் இதை ஒரு யூகமாகச் சொன்னார். 2002இல் கில்பர்ட்டும் லிஞ்சும் கணித முறையில் நிரூபித்தார்கள். எந்த விளம்பரமும் இதைத் தாண்டிப் போக முடியாது.

உதாரணம் வேண்டுமா? 2018 அக்டோபர் 21. கிட்ஹப் நிறுவனத்தில் பழுதான ஒரு நெட்வொர்க் கருவியை மாற்றும் வழக்கமான வேலை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் அவர்களது முக்கிய டேட்டா சென்டருக்கும் நெட்வொர்க் மையத்துக்கும் இடையே 43 நொடி இணைப்பு போனது. 43 நொடிதான். அதற்குள் தானியங்கி மென்பொருள், கிழக்கு போய்விட்டது என்று முடிவு கட்டி, மேற்குக் கரைச் சர்வர்களை முதன்மை ஏடாக அறிவித்துவிட்டது. இணைப்பு திரும்பியபோது கிழக்கில் எழுதிய சில பதிவுகள் மேற்கில் இல்லை, மேற்கில் எழுதியவை கிழக்கில் இல்லை. மிகவும் நெரிசலான ஒரு தொகுப்பில் மட்டும் இப்படி மாட்டிக்கொண்ட பதிவுகள் 954. எல்லாம் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. கிட்ஹப் இதையெல்லாம் தானே விலாவாரியாக எழுதி வெளியிட்டது, அதற்கு ஒரு சபாஷ். ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. கைதேர்ந்த பொறியாளர்கள் இருக்கும் இடத்திலேயே 43 நொடிக்கு இந்த விலை.

"எங்க டெஸ்ட் எல்லாம் பாஸ்!"

தயாரிப்பாளர்களிடம் கேட்டால் முதலில் வரும் பதில் இதுதான். ஆயிரக்கணக்கில் டெஸ்ட் எழுதியிருக்கிறோம், எல்லாம் பாஸ், பிறகென்ன சந்தேகம்?

வணிகவியல் மாணவருக்கு இந்த வாதம் நன்றாகப் பழகிய வாதம். இருப்பாய்வின் இரண்டு பக்கமும் கூட்டினால் சமமாக வருகிறது, ஆகவே கணக்கு சரி என்று சொல்வது போல. இருப்பாய்வு சமமாக வந்தாலும் உள்ளே ஒளிந்திருக்கக்கூடிய பிழைகள் என்று பதினொன்றாம் வகுப்பிலேயே ஒரு பட்டியல் உருப்போட வைப்பார்கள். முழுதாக விட்டுப்போன பதிவு, தவறான கணக்கில் ஏறிய பதிவு, ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்ட இரண்டு பிழைகள். டேட்டாபேஸ் தொலைத்த பதிவும் அப்படித்தான். அது சத்தம் போடாது. இல்லாத ஒன்று எப்படிச் சத்தம் போடும்?

டொரோண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் ஒரு காரியம் செய்தார்கள். கசாண்ட்ரா, எச்பேஸ், எச்டிஎஃப்எஸ், மேப்ரெட்யூஸ், ரெடிஸ் என்ற ஐந்து பிரபலமான அமைப்புகளில் நிஜமாகவே நடந்த 198 கோளாறுகளை எடுத்துப் பிரித்து மேய்ந்தார்கள். எல்லாமே படுத்துப்போகும் அளவுக்குப் பெரிய விபத்துகளில் 92 சதவீதம் எதனால் வந்தது தெரியுமா? சின்னப் பிழை ஒன்று நடக்கும், அதைச் சமாளிக்க எழுதிய நிரல் தப்பாக இருக்கும். பிழை வந்தால் செய்ய வேண்டியதை எழுதவே இல்லாமல், "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று குறிப்பு மட்டும் போட்டுவிட்டுப் போன இடங்களும் அதில் இருந்தன. இன்னொரு விவரம்: 98 சதவீதக் கோளாறுகளை மூன்று கணினிகளுக்கு மிகாமல் வைத்தே வரவழைத்துவிடலாம். அதாவது ஆயிரம் சர்வர் உள்ள அரண்மனை தேவையில்லை. ஒரு கல்லூரி லேபே போதும். தேடத்தான் ஆளில்லை.

ஏன் தேடவில்லை? கட்டியவருக்குத் தான் கட்டியது நிற்கும் என்ற நம்பிக்கை இருக்கும். அவர் எழுதும் டெஸ்ட்டும் அந்த நம்பிக்கையிலிருந்துதான் வரும். இதில் கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை, மனித சுபாவமே போதும். ரொக்கம் வாங்குபவரும் ஏடு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்று அகக் கட்டுப்பாட்டில் சொல்லிக்கொடுப்பது இதற்காகத்தான்.

உடைத்துப் பார்க்கும் மனிதர்

கைல் கிங்ஸ்பரி என்று ஒருவர். 2013இல் ஜெப்சன் என்ற பெயரில் ஒரு சோதனை முறையை ஆரம்பித்தார். செய்வது எளிது. ஒரு டேட்டாபேஸை ஐந்து கணினிகளில் நிறுவுவார். ஒரு பக்கம் பதிவுகளை எழுதிக்கொண்டும் படித்துக்கொண்டும் இருப்பார். இன்னொரு பக்கம் நெட்வொர்க்கை அறுப்பார், ஓடும் நிரலைத் திடீரென்று நிறுத்துவார், கடிகாரத்தை முன்னும் பின்னும் திருப்பிவிடுவார். கடைசியில் "எழுதிவிட்டேன்" என்று டேட்டாபேஸ் ஒப்புக்கொண்டவை எல்லாம் இருக்கின்றனவா, படித்தவை எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று முழு வரலாற்றையும் இன்னொரு நிரலை வைத்துச் சரிபார்ப்பார். பற்றுச்சீட்டுகளையும் ஏட்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும் தணிக்கையேதான்.

விளைவு? ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிய பெயர்கள் சரிந்தன. 2014இல் எலாஸ்டிக்சர்ச், நெட்வொர்க் அறுந்தபோது தான் ஏற்றுக்கொண்ட பதிவுகளையே தொலைத்தது தெரிந்தது. 2020 மே மாதம் மாங்கோடிபி 4.2.6. ஜெப்சனின் பழைய அறிக்கைகளை மாங்கோடிபி தனக்குச் சாதகமாக எடுத்துக்காட்டி, பாதுகாப்பில் தன்னை உச்சத்தில் வைத்துப் பேசிக்கொண்டிருந்த நேரம். கிங்ஸ்பரி திரும்பவும் சோதித்தார். இருப்பதிலேயே கடுமையான அமைப்பை வைத்தபோதும் சொன்ன உத்தரவாதம் நிற்கவில்லை. ஒரு பரிவர்த்தனை, தான் இனிமேல்தான் எழுதப்போகும் மதிப்பை முன்கூட்டியே படித்த விசித்திரம்கூட அதில் பதிவானது. நாளைக்கு வரப்போகும் வரவை இன்றைய இருப்பில் காட்டுவது மாதிரி! பிழை திருத்தப்பட்டது. 2021இல் 5.0 பதிப்பில், பெரும்பான்மைச் சர்வர்கள் எழுதிய பிறகே "எழுதியாச்சு" என்று சொல்லும் அமைப்பை மாங்கோடிபி பொதுவாகவே ஆக்கியது. அதுவரை, எதையும் மாற்றாமல் நிறுவியவருக்கு ஒரே ஒரு சர்வர் தலையாட்டினாலே போதும் என்ற அமைப்புதான் கிடைத்தது. வெளியே இருந்து ஒருவர் தொடர்ந்து கத்தாமல் இருந்திருந்தால் எவ்வளவு பேர் இதைக் கவனித்திருப்பார்கள்?

மாங்கோடிபியை மட்டும் திட்டுவது சுலபம். போஸ்ட்கிரெஸ் கதை இதைவிட முக்கியம். திறந்த மூலநிரல், லாப நோக்கம் இல்லாத சமூகம், கவனத்துக்குப் பேர் போனவர்கள். பரிவர்த்தனைகளை வரிசையாக, ஒன்று முடிந்தபின் ஒன்று செய்தது போலவே விளைவு இருக்கும் என்ற உத்தரவாதத்துக்கு "சீரியலைசபிள்" என்று பெயர். 2020 ஜூனில் ஜெப்சன் போஸ்ட்கிரெஸ் 12.3ஐச் சோதித்தபோது அந்த உத்தரவாதம் மீறப்பட்டது. அதுவும் பல சர்வர்களில் அல்ல, ஒரே சர்வரில். அந்தப் பிழை 2011இல் வந்த 9.1 பதிப்பிலிருந்தே உள்ளே இருந்தது. ஒன்பது வருடம்! நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று திறந்து வைத்தும், வேண்டுமென்றே குடைந்து பார்க்க ஒருவர் வரும் வரை அது வெளியே தெரியவில்லை. நேர்மையானவர்களுக்கும் வெளித் தணிக்கை தேவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இன்னொரு கூத்தும் உண்டு. அதே "சீரியலைசபிள்" என்ற பெயரை ஆரக்கிளில் கேட்டால் கிடைப்பது அதைவிடத் தளர்ந்த ஒன்று. வித்தியாசம் இப்படி: காலையில் பட்ஜெட் ஏட்டின் ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இரண்டு அதிகாரிகளிடம் கொடுக்கிறார்கள். மீதி 10,000 ரூபாய். ஒருவர் ஒரு தலைப்பில் 8,000 ரூபாய்க்கு அனுமதி தருகிறார், மற்றவர் வேறு தலைப்பில் 8,000. அவரவர் ஜெராக்ஸ்படி இருவரும் சரி. ஏடு மட்டும் 6,000 ரூபாய் பள்ளத்தில். கணக்கியலில் தேய்மானம், இருப்பு மதிப்பு, வருவாய் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன பொருள் என்று தரநிலை போட்டு வைத்திருக்கிறார்கள். டேட்டாபேஸ் உலகில் ஒரே சொல் கடைக்குக் கடை வேறு பொருளில் விற்கிறது.

வரைபடத்தையும் பார்க்க வேண்டும்

கட்டிய பிறகு உடைத்துப் பார்ப்பது ஒரு வகை. கட்டுவதற்கு முன் வரைபடத்தையே சரிபார்ப்பது இன்னொரு வகை. லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய டி.எல்.ஏ. பிளஸ் என்ற மொழி இதற்காகத்தான். அமைப்பு எந்தெந்த நிலைக்குப் போகலாம் என்று கணிதமாக எழுதிக் கொடுத்தால், கணினி ஒவ்வொரு வழியாகப் போய்ப் பார்த்து, உத்தரவாதம் எங்கே உடைகிறது என்று சொல்லும். அமேசானில் 2011 முதல் இதைப் பயன்படுத்தினார்கள். டைனமோடிபியின் வடிவமைப்பில் இப்படிப் பிடிபட்ட ஒரு பிழை வெளிப்பட, குறிப்பிட்ட வரிசையில் 35 படிகள் நடக்க வேண்டும். தரவு தொலையக்கூடிய பிழை. அதற்கு முன் அந்த வடிவமைப்பு ஆய்வுக் கூட்டங்களையும் நிரல் ஆய்வையும் சோதனைகளையும் தாண்டி வந்திருந்தது. எத்தனை மூளைகள் சுற்றி உட்கார்ந்தாலும் 35 படி ஆழத்துக்கு மனதில் போக முடியாது.

மூன்றாவது வகை, ஃபவுண்டேஷன்டிபி செய்தது. டேட்டாபேஸ் முழுவதையும் ஒரே கணினிக்குள், பொய் நெட்வொர்க், பொய் டிஸ்க், பொய் கடிகாரம் வைத்து ஓட்டி, உள்ளேயே விபத்துகளை நடத்திப் பார்ப்பது. பிழை வந்தால் அதே விபத்தை அச்சு அசலாகத் திரும்ப ஓட்டலாம். ஆப்பிள் 2015இல் அந்த நிறுவனத்தை வாங்கி, 2018இல் நிரலைத் திறந்து விட்டது.

ஆக, வழி இல்லாமல் இல்லை. வழி தெரிந்த பிறகும் போகாமல் இருப்பதுதான் குற்றம்.

பிழை இயந்திரத்துக்கு, சிறை மனிதருக்கு

"அட, ஏதோ நாலு பதிவு தொலைந்தால் உலகமா முழுகிவிடும்?" என்பவர்கள் பிரிட்டனைப் பார்க்க வேண்டும்.

அங்கே கிளை அஞ்சலகங்களைப் பெரும்பாலும் கடைக்காரர்கள்தான் ஒப்பந்தத்தில் நடத்துகிறார்கள். ஃபுஜிட்சு செய்து கொடுத்த ஹொரைஸன் என்ற கணினிக் கணக்கு முறை 1999 முதல் அந்தக் கிளைகளுக்கு வந்தது. கிளையின் ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரு கணினி. அங்கே எழுதுவது மற்ற கவுண்டருக்கும் தொலைதூர டேட்டா சென்டருக்கும் நகலாகும். அதாவது ஒரு பகிர்ந்த டேட்டாபேஸ். ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் பகுதியில் காலண்டர் ஸ்கொயர் என்ற கிளையில் 2005இல் ஒரு பிழை புகாராக வந்தது. ஒரு கவுண்டரில் எழுதிய பணமாற்றம் இன்னொரு கவுண்டரின் கணினிக்குத் தெரியவில்லை. இரண்டு ஏடும் முரண்பட்டன. அடியில் இருந்த மென்பொருளின் கோளாறு அது, 2006இல்தான் சரிசெய்தார்கள். பிழை இது ஒன்று மட்டும் அல்ல.

கணக்கில் பணம் குறைந்தால் கடைக்காரர் கைக்காசைப் போட்டுக் கட்ட வேண்டும் என்றது போஸ்ட் ஆபீஸ். கட்ட முடியாதவர்கள் மேல் திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்கு. 900 பேருக்கும் மேல் தண்டனை பெற்றார்கள். அதில் சுமார் 700 வழக்குகளை நடத்தியது போஸ்ட் ஆபீஸே. சிறைக்குப் போனார்கள், வீட்டை விற்றார்கள், ஊரில் திருடன் பட்டம் வாங்கினார்கள். 2025 ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கையின் முதல் பகுதி, குறைந்தது 13 பேர் இதனால் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்கிறது.

நீதிமன்றம் எப்படி ஏமாந்தது? 1984ஆம் வருடச் சட்டப்படி, கணினிச் சான்றைக் கொண்டு வருபவர்தான் அந்தக் கணினி ஒழுங்காக வேலை செய்தது என்று காட்ட வேண்டும். வீண் தொல்லை என்று 1999இல் அந்தப் பிரிவை நீக்கினார்கள். பிறகு, வேறு விதமாகக் காட்டும் வரை கணினி சரியாகத்தான் வேலை செய்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே விதி. வேறு விதமாகக் காட்ட வேண்டியவர் யார்? கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் கடைக்காரர். அவரிடம் நிரல் இல்லை, பிழைப் பதிவேடு இல்லை, நிபுணருக்குக் கொடுக்கக் காசு இல்லை.

ஆலன் பேட்ஸ் தலைமையில் 555 பேர் தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில்தான் உண்மை தீர்ப்பாக வந்தது. ஹொரைஸனில் பிழைகள் இருந்தன. கடைக்காரருக்குத் தெரியாமலே ஃபுஜிட்சு ஆட்கள் தொலைவிலிருந்து கிளைக் கணக்கை மாற்ற முடிந்தது. முடியவே முடியாது என்று போஸ்ட் ஆபீஸ் வருடக்கணக்காகச் சாதித்துக்கொண்டிருந்த விஷயம் அது. ஹொரைஸனில் கோளாறே இல்லை என்ற அந்தச் சாதிப்பை, பூமி தட்டை என்று இந்த நூற்றாண்டில் வாதிடுவதோடு ஒப்பிட்டார் நீதிபதி. 2024 மே மாதம் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தது. முதல் கிளைக்குக் கணினி வந்து கால் நூற்றாண்டு கழித்து!

இந்தியாவில் நிலைமை எப்படி? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, கணினிப் பதிவைச் சான்றாகக் கொடுக்கும்போது சான்றிதழ் கேட்கிறது. பொறுப்பாளர் ஒரு பகுதியில் கையெழுத்திட வேண்டும், நிபுணர் இன்னொரு பகுதியில். பதிவின் ஹாஷ் எண்ணையும் எழுத வேண்டும். நல்லதுதான். ஆனால் ஹாஷ் எண் காட்டுவது, எடுத்த பிறகு யாரும் அந்தப் பதிவைத் திருத்தவில்லை என்பதை மட்டும். எழுதும்போதே டேட்டாபேஸ் தப்பாக எழுதியிருந்தால், அந்தத் தப்பைத்தான் ஹாஷ் பத்திரமாகப் பூட்டி வைக்கும்.

வழக்கமான சப்பைக்கட்டுகள்

"செலவு அதிகம்." வெளித் தணிக்கைக்கும்தான் செலவு. அதற்காகக் கம்பெனிச் சட்டம் யாரையும் விட்டுவிடவில்லை. தவிர, காசே செலவாகாத சோதனைகளைக்கூட யாரும் செய்வதில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸின் கோப்புகளை அழித்துவிட்டார். பதறாதே, காப்புப் பிரதி இருக்கிறது என்று போய்ப் பார்த்தால், இருந்த ஐந்து ஏற்பாடுகளில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஒரு பொறியாளர் வேறு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்த நகல்தான் காப்பாற்றியது. காப்புப் பிரதியை மாதம் ஒரு முறை திரும்ப ஏற்றிப் பார்க்க எவ்வளவு செலவாகும்?

"தணிக்கை மட்டும் யோக்கியமா? சத்யம் என்ன ஆச்சு?" நல்ல கேள்வி. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவரே கடிதம் எழுதி ஒப்புக்கொள்ளும் வரை, வங்கியில் இல்லாத 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இருப்பதாகக் காட்டிய கணக்குகளில் தணிக்கையாளர் கையெழுத்து இருந்தது. ஆனால் சத்யத்துக்குப் பிறகு தணிக்கையே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, இறுக்கத்தான் செய்தார்கள். 2013 சட்டத்தின் கட்டுகளில் பல அந்த அனுபவத்தில் வந்தவை. ஜெப்சன் பாணிச் சோதனைக்கு ஒரு கூடுதல் வசதியும் உண்டு. சோதனை நிரல் திறந்தே கிடக்கிறது. யார் காசு கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு அறிக்கையும் சொல்கிறது. சந்தேகம் இருப்பவர் தானே ஓட்டிப் பார்க்கலாம். சத்யத்தின் வங்கிக் கடிதத்தை அப்படி யாரும் ஓட்டிப் பார்த்திருக்க முடியாது.

"சோதனையால் பிழை இல்லை என்று நிரூபிக்க முடியாதே?" முடியாதுதான். இருக்கிற பிழையைக் காட்டலாம், இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. ஜெப்சன் அறிக்கைகளே இதைச் சொல்கின்றன. தணிக்கை அறிக்கையும் உண்மையான, நியாயமான தோற்றம் என்றுதான் சொல்கிறது, நூறு சதவீதம் என்று சொல்வதில்லை. அதனால் அது பயனற்றதாகிவிடுமா என்ன?

கேட்க வேண்டியது

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை, நாலே நாலு.

ஒன்று: எந்த உத்தரவாதம் தரப்படுகிறது என்பது பொதுவான பொருள் கொண்ட சொற்களில் எழுதப்பட வேண்டும். "உலகத் தரம்", "ராணுவப் பாதுகாப்பு" எல்லாம் விளம்பரத்தோடு நிற்கட்டும்.

இரண்டு: அந்த உத்தரவாதம் எதையும் மாற்றாமல் நிறுவியவருக்கும் பொருந்த வேண்டும். எங்கோ 400ஆம் பக்கத்தில் இருக்கும் ஒரு சுவிட்சைப் போட்டவருக்கு மட்டும் என்றால், அதை முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.

மூன்று: ஒவ்வொரு பெரிய பதிப்பையும் வெளியாள் உடைத்துப் பார்க்க வேண்டும். நிரலும் முடிவும் பொதுவில் இருக்க வேண்டும், காசு கொடுத்தவர் பெயரும்தான். செய்பவர்கள் இருக்கிறார்கள். பற்று, வரவையே அடிப்படையாக வைத்து எழுதப்பட்ட டைகர்பீட்டில் என்ற டேட்டாபேஸ் தானே முன்வந்து தன்னை ஜெப்சனிடம் ஒப்படைத்தது. 2025இல் அறிக்கை வந்தது. சில தேடல்களில் வர வேண்டிய பதிவுகள் விடுபட்டது உள்பட, கண்ட குறைகள் எல்லாம் அதில் அச்சாகியிருக்கின்றன. அதனால் அதன் மரியாதை குறையவில்லை, கூடியது.

நான்கு: கணினிக் கணக்கை வைத்து ஒருவரைத் திருடன் என்று சொல்பவர், முதலில் அந்தக் கணினியின் பிழைப் பதிவேட்டை மேசையில் வைக்க வேண்டும். ஃபுஜிட்சுவிடம் அப்படி ஒரு பதிவேடு இருந்தது. அதை வெளியே கொண்டுவரவே கடைக்காரர்கள் போராட வேண்டியிருந்தது. கணினி சரியாகத்தான் இருக்கும் என்ற அந்த விதியை மாற்றலாமா என்று பிரிட்டன் அரசு 2025இல்தான் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது.

இன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பற்று வரவு படிப்பவர்களில் நிறையப் பேர் நாளைக்கு எங்காவது தணிக்கைக்குப் போவார்கள். முன்னால் கட்டுக்கட்டாக ஏடு இருக்காது, ஒரு திரைதான் இருக்கும். திரையில் தெரியும் தொகையும் ரொக்கப் பெட்டியில் இருக்கும் தொகையும் ஒத்துப்போகாது. பக்கத்தில் ஒரு காசாளர் வியர்த்து விறுவிறுத்து நிற்பார். "சிஸ்டத்துல அப்படித்தான் சார் காட்டுது" என்று மேனேஜர் சொல்வார். அந்த நேரத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி காசாளரிடம் அல்ல, "இந்த சிஸ்டத்தைக் கடைசியாக உடைத்துப் பார்த்தது யார், எப்போது?" என்று மேனேஜரிடம்தான்.